ஆப்கானிய இளம் ஆவணப்பட இயக்குநர்களுக்கு: முதல் பதிவிலிருந்து முதல் விழா வரை

2013ஆம் ஆண்டு ஹெராத் நகரின் பழைய கோட்டைக்குள் பெண்களுக்கான சர்வதேசத் திரைப்பட விழா ஒன்று நடந்தது. இயக்குநர் ரோயா சதாத்தும் அவருடைய சகோதரி அல்கா சதாத்தும் அதை முன்னின்று நடத்தினார்கள். இன்று அந்நாட்டுக்குள் அப்படியொரு விழாவை யாரும் அறிவிக்க முடியாது. 2019இல் அரசுத் திரைப்பட நிறுவனமான அஃப்கான் ஃபிலிமின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் பெண்ணான சஹ்ரா கரிமி, 2021 ஆகஸ்ட் 15 அன்று தலிபான்கள் காபூலுக்குள் நுழைந்தபோது நாட்டைவிட்டு வெளியேறினார். 2024 ஆகஸ்டில் தலிபான்கள் வெளியிட்ட ஒழுக்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உயிருள்ளவற்றின் உருவங்களை வெளியிடுவதையே தடைசெய்கிறது. இத்தனைக்குப் பிறகும் ஆப்கானியர்கள் படமெடுப்பதை நிறுத்தவில்லை. அவர்கள் காபூலில் இருக்கிறார்கள், பாமியானில் இருக்கிறார்கள், தெஹ்ரானிலும் இஸ்லாமாபாத்திலும் ஹாம்பர்க்கிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை, முதல் ஆவணப்படத்தை எடுத்து அதை ஒரு விழாவுக்குக் கொண்டுசேர்க்க விரும்பும் ஆப்கானிய இளைஞருக்காகவும், அவருக்குக் கைகொடுக்கும் நண்பர்களுக்காகவும் எழுதப்படுகிறது. டெல்லி லாஜ்பத் நகரிலும் இந்தியக் கல்லூரிகள் பலவற்றிலும் ஆப்கானியர்கள் வாழ்கிறார்கள், படிக்கிறார்கள். அவர்களோடு படத்தொகுப்பு மேசையில் உட்காரும் தமிழ் நண்பர்களும் இதை வாசிக்கக்கூடும்.

யாருடைய முகம் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் கேமராவிலிருந்தோ கதைக்கருவிலிருந்தோ தொடங்கும். ஆப்கானியப் படத்தைப் பொறுத்தவரை முதல் கேள்வி, படத்தில் வரும் மனிதர் யார், அவர் இப்போது எங்கே இருக்கிறார், படம் வெளியான மறுநாள் அவர் எங்கே இருப்பார் என்பதுதான். இதற்கான பதிலைப் பொறுத்தே நீங்கள் எந்த விழாவுக்குப் போகலாம், டிரெய்லர் போடலாமா, படத்தை இணையத்தில் ஏற்றலாமா என்பதெல்லாம் அமையும் என்பதால், இதைப் படப்பிடிப்புக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

நான் சில ஆண்டுகளாக ஒரு சிறிய விழாவுக்கு வரும் படங்களை முதற்கட்டமாகப் பார்த்துக் குறிப்பெழுதும் வேலையைச் செய்துவருகிறேன். காபூலில் ஒரு வீட்டுக்குள் மறைவாக நடக்கும் பெண்கள் வகுப்பைப் பற்றிய குறும்படம் ஒன்று வந்திருந்தது. ஆசிரியையின் முகத்தை இயக்குநர் கவனமாக மங்கலாக்கியிருந்தார். ஆனால் ஒரு காட்சியில் காற்றடித்துத் திரைச்சீலை விலகுகிறது. மூன்று விநாடிகளுக்கு ஜன்னல் வழியே, உச்சியில் ஒலிபரப்புக் கம்பங்கள் நிற்கும் ஆசமாயி மலையும், அதன் சரிவில் பாதி கட்டிய நீலக்கதவு வீடு ஒன்றும் தெரிகின்றன. அந்த மலை எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதை வைத்தே காபூல்வாசி ஒருவர் தெருவைச் சொல்லிவிடுவார். நாங்கள் இயக்குநருக்கு எழுதினோம். அவர் அன்றிரவே அந்த மூன்று விநாடிகளை வெட்டிவிட்டு, புதிய பிரதியை அனுப்பினார். முகத்தை மறைத்தால் போதும் என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அன்றுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

ஆகவே முகத்தோடு சேர்த்துக் குரல், மோதிரம், சுவரில் தொங்கும் குடும்பப் படம், ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலை, பின்னணியில் கேட்கும் பள்ளிவாசல் அறிவிப்பு ஆகிய அனைத்தையும் சரிபார்க்க வேண்டும். கணினியால் திரித்த குரலை மீட்டெடுக்க வாய்ப்புண்டு என்பதால், வேறொருவரைக் கொண்டு அந்த வார்த்தைகளைப் பேசவைத்துச் சேர்ப்பதே நல்லது. கைபேசியில் படமெடுத்தால் இருப்பிடப் பதிவை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

ஒப்புதலையும் ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். வெளிநாட்டு அரங்கில் திரையிடச் சம்மதமா, தொலைக்காட்சிக்குச் சம்மதமா, இணையத்துக்குச் சம்மதமா என்று தனித்தனியாக, அவருடைய மொழியிலேயே கேளுங்கள். பெயரும் கையெழுத்தும் உள்ள ஒப்புதல் தாள் சோதனையில் சிக்கினால் அதுவே அவருக்கு எதிரான சான்றாகிவிடும் என்பதால், வாய்மொழி ஒப்புதலைப் பதிவுசெய்து, உடனே நாட்டுக்கு வெளியே அனுப்பி, கையிலிருக்கும் பிரதியை அழித்துவிடுவது பலருடைய வழக்கம்.

ஹஸன் ஃபாஸிலி தன் குடும்பத்தோடு ஐரோப்பா நோக்கி அகதியாகப் போன பயணத்தை மூன்று கைபேசிகளில் பதிவுசெய்து எடுத்த 'மிட்நைட் டிராவலர்' 2019இல் சன்டான்ஸ் விழாவில் சிறப்பு நடுவர் விருது பெற்றது. வழியில் ஒரு முகாமில் அவருடைய மகள் சற்று நேரம் காணாமல் போகிறாள். தேடி ஓடும்போது, இது எத்தகைய காட்சியாக அமையும் என்ற நினைப்பு தனக்குள் எழுந்ததையும், அந்த நொடியில் சினிமாவையே தான் வெறுத்ததையும் அவர் படத்தில் சொல்கிறார். கேமராவைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய பகுதி அது.

சிறியதாக எடுங்கள், ஆனால் முடித்துவிடுங்கள்

முதல் முயற்சியிலேயே தொண்ணூறு நிமிடப் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானதே. ஆயினும் பாதியில் நிற்கும் நெடும்படத்தைவிட முடிந்த குறும்படம் பல மடங்கு பயன்தரும். கையில் ஒரு முழுப்படம் இருந்தால்தான் விழாவோ நிதியமோ பட்டறையோ உங்களை இயக்குநராகக் கருதும். குலிஸ்தான் மிர்ஸாயியும் எலிசபெத் மிர்ஸாயியும் காபூலின் இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில் வாழ்ந்த இளம் தம்பதியைப் பற்றி எடுத்த 'த்ரீ சாங்ஸ் ஃபார் பெனஸீர்' வெறும் 22 நிமிடப் படம். 2022இல் அது ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. போரைப் பற்றிய விளக்கவுரையை நம்பாமல், ஒரு மனிதன் தன் மனைவியிடம் பாடுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்ததே அதன் பலம் என்பது என் கருத்து.

குறும்படம் என்பதன் எல்லை விழாவுக்கு விழா மாறும். பல இடங்களில் 40 நிமிடம் வரை குறும்படமாக ஏற்கிறார்கள், சில இடங்களில் 30தான். 15 முதல் 25 நிமிடத்துக்குள் முடியும் படத்தை நிகழ்ச்சி வரிசையில் பொருத்துவது அமைப்பாளர்களுக்கு எளிது. 45 நிமிடப் படமோ குறும்படமும் ஆகாமல் நெடும்படமும் ஆகாமல் இடையில் மாட்டிக்கொள்ளும். படத்தொகுப்பின்போதே இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டைவிட்டு வெளியேறிவிட்டதால் கதை முடிந்துபோனதாக நினைத்துவிடவும் வேண்டாம். நஜிபா நூரி, எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த தன் தாயைப் பற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது 2021இல் வெளியேற நேர்ந்தது. அவருடைய தம்பி ரசூல் நூரி காபூலில் படப்பிடிப்பைத் தொடர்ந்தார். 'ரைட்டிங் ஹவா' என்ற அந்தப் படம் 2024இல் ஆம்ஸ்டர்டாமில் திரையேறியது. சஹ்ரா மானி இயக்கி 2023இல் கான் விழாவில் சிறப்புத் திரையிடலாகக் காட்டப்பட்ட 'பிரெட் அண்ட் ரோஸஸ்', காபூல் பெண்கள் தங்களைத் தாங்களே கைபேசியில் எடுத்த பதிவுகளைப் பெருமளவு கொண்டது. இவ்வாறு வெளியிலிருந்து இயக்கும்போது உள்ளே படமெடுப்பவரின் பெயரைப் போடுவதா மறைப்பதா என்பதையும், அவருக்கான ஊதியத்தையும் தொடக்கத்திலேயே எழுத்தில் பேசி முடித்துவிடுவது அவருக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம்.

மூன்று பிரதிகள்

முதல் தலிபான் ஆட்சிக் காலத்தில் அஃப்கான் ஃபிலிம் ஊழியர்கள் பழைய படச்சுருள்களை ஓர் அறைக்குள் வைத்து, வாசலையே சுவர்போல் அடைத்துக் காப்பாற்றினார்கள். ஆப்கானிய சினிமாவின் பழைய நினைவு இன்று எஞ்சியிருப்பதில் அந்த ஊழியர்களுக்குப் பெரும் பங்குண்டு. இன்று சுவர் எழுப்பத் தேவையில்லை. ஒரு பிரதி உங்களிடமும், ஒன்று நம்பகமான ஒருவரிடமும், ஒன்று நாட்டுக்கு வெளியே இணையவழி மேகச் சேமிப்பிலும் இருந்தால் போதும். கையில் இருக்கும் ஹார்டு டிஸ்கைக் கடவுச்சொல்லால் பூட்டுங்கள். 2025 செப்டம்பர் இறுதியில் நாடு முழுவதும் இரண்டு நாட்கள் இணையம் துண்டிக்கப்பட்டது. விண்ணப்பக் கடைசி நாளன்று பதிவேற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் படம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

சப்டைட்டிலுக்கு நேரம் ஒதுக்குங்கள்

தேர்வாளர் உங்கள் படத்தைத் தரி மொழியிலோ பஷ்தோவிலோ கேட்கப்போவதில்லை, ஆங்கில வரிகளின் வழியாகத்தான் கேட்கப்போகிறார். வேலைசெய்துகொண்டிருப்பவரைக் கண்டால் ஆப்கானியர்கள் 'மாந்தா நபாஷி' என்பார்கள். நீ களைத்துப்போகாமல் இருப்பாயாக என்று பொருள். அவர் 'ஜிந்தா பாஷி', அதாவது வாழ்வாயாக என்று பதில் சொல்வார். செங்கல் சூளை ஒன்றில் எடுத்த படத்தில் இந்த உரையாடல் நான்கு இடங்களில் வருகிறது. நான்கு இடத்திலும் வெறும் வணக்கம் என்றே சப்டைட்டில் இருந்தது. அந்தத் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் தாங்கிப்பிடிப்பதே படத்தின் உயிர் என்றிருக்க, அது ஒரு சொல்லில் காணாமல் போனது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர், தரியோ பஷ்தோவோ ஹஸாரகியோ நன்றாகத் தெரிந்த ஒருவர் என இருவர் சேர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. தமிழ் நண்பர்கள் பெரிதும் உதவக்கூடிய இடமும் இதுவே.

திரையில் ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு வரி சுமார் 40 எழுத்துக்குள் இருக்கட்டும். சப்டைட்டிலைப் படத்தோடு பதித்த பிரதி ஒன்றும், பதிக்காத பிரதியுடன், சப்டைட்டில் வரிகளும் அவற்றின் நேரக்குறிப்பும் மட்டும் கொண்ட தனி எஸ்ஆர்டி கோப்பு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விழாக்கள் தங்கள் மொழியில் சேர்க்க இரண்டாவதைத்தான் கேட்கும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறைந்த ஆப்கானியப் பாடகர் அஹ்மத் ஸாஹிரின் பாடல்களைப் பின்னணியில் வைக்காத இளம் ஆப்கானிய இயக்குநர் அரிது. அந்தக் குரலின் மீதுள்ள அன்பு எனக்குப் புரிகிறது, ஆனால் இசைக்கும் பழைய செய்திப்படத் துண்டுகளுக்கும் உரிமை பெற்றிருக்கிறீர்களா என்று விழாவும் தொலைக்காட்சியும் கட்டாயம் கேட்கும். தெரு வானொலியில் கேட்கும் பாட்டுக்கும் இது பொருந்தும்.

விழாவைத் தேர்ந்தெடுப்பது

ஆவணப்பட உலகின் ஆண்டுச் சுழற்சியை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் கோபன்ஹேகனின் சிபிஎச் டாக்ஸும் பாரிஸின் சினிமா து ரியேலும் நடக்கும். ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் நியோன் நகரில் விசியோன் து ரியேல், அதையொட்டி டொரன்டோவில் ஹாட் டாக்ஸ், ஜூனில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, செப்டம்பரில் தென்கொரியாவின் டிஎம்இசட் டாக்ஸ், அக்டோபர் இறுதியை ஒட்டி ஜெர்மனியின் லைப்சிக், நவம்பரில் ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா என்று அது போகும். ஜப்பானின் யமகாதா விழா ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் அக்டோபரில் வரும். நவம்பர் விழாவுக்கான விண்ணப்பம் ஐரோப்பியக் கோடை முடிவதற்குள்ளேயே மூடப்பட்டுவிடும் என்பதால், விழா தேதியை அல்ல, விண்ணப்பத் தேதியைத்தான் நாட்காட்டியில் குறிக்க வேண்டும்.

புதியவருக்கு என் முதல் பரிந்துரை யமகாதா. 1989இல் தொடங்கிய அந்த விழா, ஆசியாவின் புதிய இயக்குநர்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவை வைத்திருக்கிறது, நுழைவுக் கட்டணமும் வாங்குவதில்லை. நெடும்படமோ குறும்படமோ, மெருகு குறைந்த படமாயினும் சொந்தப் பார்வை இருந்தால் அங்கே மதிப்புண்டு. அடுத்து காத்மாண்டுவில் 1997 முதல் நடக்கும் ஃபிலிம் சவுத் ஏஷியா. ஆப்கானிஸ்தானைத் தெற்காசியாவின் பகுதியாகவே கருதும் அந்த விழாவில், உங்கள் படத்தைப் போர்ச் செய்தியாகப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக் கதையாகப் பார்க்கும் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். 2008 முதல் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவையும் கவனியுங்கள்.

பெரிய விழாக்கள் எட்டாதவை என்று நினைக்க வேண்டியதில்லை. அபூஸர் அமீனியின் முதல் நெடும்படமான 'காபூல், சிட்டி இன் தி விண்ட்' 2018இல் இட்ஃபாவின் தொடக்கப் படமாகவே திரையிடப்பட்டது. எனினும் ஒரு நுட்பத்தை அறிந்திருக்க வேண்டும். பெரிய விழாக்கள் பலவும், குறிப்பாக நெடும்படப் போட்டிப் பிரிவில், வேறெங்கும் திரையிடப்படாத படத்தையே விரும்பும். யூடியூபில் ஏற்றிய நாளிலேயே அந்தத் தகுதி பறிபோகக்கூடும். எனவே முதலில் பெரிய விழாக்கள் இரண்டு மூன்றுக்கு அனுப்புங்கள், பதில் வரும்வரை படத்தை வெளியே விடாதீர்கள், பிறகு அடுத்த வட்டத்துக்குப் போங்கள். குறும்படங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும்.

மாதந்தோறும் விருது வழங்குவதாகச் சொல்லும் இணைய விழாக்களைத் தவிர்த்துவிடுங்கள். அரங்கு இல்லை, பார்வையாளர் இல்லை, நடுவர் யாரென்று தெரியாது, கட்டணம் மட்டும் உண்டு. ஒரு விழாவின் சென்ற ஆண்டு நிகழ்ச்சி நிரலையும் அரங்கின் பெயரையும் தேடிப்பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். சேமித்த பணத்தை இத்தகைய சான்றிதழ்களுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

விண்ணப்பமும் கட்டணமும்

பல விழாக்கள் ஃபிலிம்ஃப்ரீவே போன்ற தளங்கள் வழியாகவோ தங்கள் சொந்த இணையதளத்திலோ படங்களைப் பெறுகின்றன. படத்தைக் கடவுச்சொல்லுடன் விமியோவில் வைத்து இணைப்பைக் கொடுப்பது பொதுவான முறை. தேர்வு முடியும்வரை கடவுச்சொல்லை மாற்றாதீர்கள். மாற்றியதாலேயே பார்க்கப்படாமல் போன படங்கள் உண்டு.

கட்டணம் கட்ட முடியாவிட்டால் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆப்கானிஸ்தானிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் செலுத்துவதே கடினம் என்பதை அமைப்பாளர்கள் அறிவார்கள். கடைசி நாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு, நிகழ்ச்சிப் பிரிவுக்குச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: நான் ஆப்கானிய இயக்குநர், என் படம் இத்தனை நிமிடம், இதைப் பற்றியது, இணைப்பு இது, வங்கிச் சூழலால் கட்டணம் செலுத்த இயலவில்லை, விலக்கு தர முடியுமா என்பதே போதும். துயரக் கதை தேவையில்லை. படம் எதைப் பற்றியது என்பதை இரண்டு வாக்கியத்தில் தெளிவாகச் சொன்ன மடலுக்குப் பதில் வருவதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் இயக்குநர் பெயர், ஊர், புகைப்படம் ஆகியவை விழா மலரிலும் இணையத்திலும் அச்சாகும். பெயர் வெளிவரக் கூடாது என்றால் புனைபெயரை இடுங்கள், காரணத்தைத் தனி மின்னஞ்சலில் தெரிவியுங்கள். பொறுப்புள்ள விழாக்கள் இதற்கு இணங்கும். இணங்காத விழாவுக்குப் படத்தைத் தராதீர்கள்.

பணத்தைத் தேடுவது

முதல் குறும்படம் கைக்காசிலும் நண்பர்களின் உழைப்பிலுமே முடியும். இரண்டாவது படத்துக்குத்தான் நிதியங்கள். இட்ஃபா பெர்தா நிதியம் 1998 முதல் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, மத்தியக் கிழக்கு முதலிய பகுதிகளின் ஆவணப்படங்களுக்கு உதவிவருகிறது. தென்கொரியாவின் பூசான் விழா நடத்தும் ஆசிய சினிமா நிதியத்தில் ஆவணப்படங்களுக்கென ஏஎன்டி என்ற பிரிவு இருக்கிறது. சன்டான்ஸ் நிறுவனத்தின் ஆவணப்பட நிதியம் உலகெங்கிலுமிருந்து வரும் திட்டங்களைப் பரிசீலிக்கிறது. பெண் இயக்குநர்கள் சிக்கன் அண்ட் எக் அமைப்பின் அறிவிப்புகளைக் கவனிக்கலாம். கொல்கத்தாவில் நடக்கும் டாக்எட்ஜ், ஆசிய இயக்குநர்கள் தங்கள் திட்டத்தைத் தயாரிப்பாளர்கள் முன் எடுத்துரைக்கும் களம். ரோட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதியமும் நடிகை கேட் பிளான்செட்டும் சேர்ந்து 2025இல் அறிவித்த இடம்பெயர்ந்தோர் திரைப்பட நிதியம், முதல் சுற்றில் ஐந்து இயக்குநர்களுக்குத் தலா ஒரு லட்சம் யூரோ வழங்கியது. அவர்களில் ஆப்கானியரான ஷஹர்பானு சதாத் ஒருவர். அது ஏற்கெனவே பெயர்பெற்றவர்களுக்குப் போனது என்பதால், புதியவர்கள் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

எந்த நிதியத்தின் விதிமுறையிலும் முதலில் வாசிக்க வேண்டியது, குடியுரிமையைப் பார்க்கிறார்களா வசிக்கும் நாட்டைப் பார்க்கிறார்களா என்ற வரியை. புலம்பெயர்ந்த ஆப்கானியரின் தகுதி அதில்தான் நிற்கிறது. விண்ணப்பத்தில் ஒருவரிக் கரு, ஒருபக்கச் சுருக்கம், காட்சி காட்சியாக விரிக்கும் விவரணை, இயக்குநர் குறிப்பு, வரவுசெலவு, ஐந்து நிமிட மாதிரிக் காட்சி ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். இவற்றில் தேர்வாளர் முதலில் திறப்பது மாதிரிக் காட்சியைத்தான். பின்னணி இசையோடு வெட்டிய டிரெய்லரைவிட, வெட்டாத ஒரு நீண்ட காட்சி உங்கள் கண்ணையும் பொறுமையையும் தெளிவாகக் காட்டும். வரவுசெலவில் பாதுகாப்புச் செலவைத் தனித் தலைப்பாகப் போடுங்கள். நிதியங்கள் பொதுவாகப் பதிவுபெற்ற நிறுவனத்தின் கணக்குக்கே பணம் அனுப்பும், ஆகவே வெளிநாட்டில் ஓர் இணைத் தயாரிப்பாளர் தேவைப்படுவார். ஒப்பந்தத்தில் படத்தின் உரிமை எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாட்டுக்கு, படத்தின் இறுதித் தொகுப்பை முடிவுசெய்பவர் யார் என்ற மூன்றையும் புரியும்வரை கேளுங்கள். படப்பதிவுகளின் மீதான உரிமையை மொத்தமாக எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்.

படிப்பும் பட்டறையும்

ஷஹர்பானு சதாத் காபூலில் பிரெஞ்சு அமைப்பான அத்தலியே வாரான் நடத்திய ஆவணப்படப் பட்டறையில் பயின்றவர். இருபது வயதில் கான் விழாவின் உறைவிடத் திட்டத்துக்குத் தேர்வானார். அங்கே எழுதத் தொடங்கிய 'வுல்ஃப் அண்ட் ஷீப்' 2016இல் வெளிவந்தது, அதைக்கூடப் பாதுகாப்பு கருதித் தஜிகிஸ்தானில்தான் படமாக்கினார். பட்டறை ஒன்று எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு இது போதும். இன்று இட்ஃபா அகாடமி, பெர்லினாலே டேலன்ட்ஸ், பூசானின் ஆசியத் திரைப்பட அகாடமி ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டம் பெற்றவர்கள் லிஸ்பன், புடாபெஸ்ட், பிரஸ்ஸல்ஸ் என மூன்று நகரங்களில் இரண்டு ஆண்டு நடக்கும் டாக்நோமாட்ஸ் முதுகலைப் படிப்பின் உதவித்தொகைக்கு முயலலாம்.

உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் படத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு கதவைத் தட்ட வேண்டும். 2020இல் உருவான ஆபத்திலுள்ள திரைப்படக் கலைஞர்களுக்கான சர்வதேசக் கூட்டணி, 2021இல் ஆப்கானியக் கலைஞர்கள் வெளியேற உதவியது. பாரிஸில் 2017 முதல் இயங்கும் புலம்பெயர் கலைஞர்களுக்கான அத்தலியே, அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்கு வேலை செய்ய இடமும் ஆவண உதவியும் தருகிறது. மடல் எழுதும்போது நடந்ததைத் தேதி வாரியாக, சான்றுகளோடு, ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்.

அழைப்பு வந்த பிறகு

விழா அழைத்துவிட்டது என்பதால் விசா கிடைத்துவிடாது. மேற்கு நாடுகளின் தூதரகங்கள் காபூலில் மூடிக்கிடப்பதால் இஸ்லாமாபாத்துக்கோ தெஹ்ரானுக்கோ போய் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அங்கே நுழையவும் விசா வேண்டும். அழைப்புக் கடிதம், தங்குமிட உறுதி, பயணச்சீட்டு ஏற்பாடு ஆகியவற்றை முதல் நாளே விழாவிடம் கேட்டு வாங்குங்கள். போக முடியாவிட்டால், கடந்த சில ஆண்டுகளாகப் பல இயக்குநர்கள் செய்வதுபோல, திரையிடலுக்குப் பிந்தைய உரையாடலில் காணொளி வழியாகக் கலந்துகொள்ளுங்கள். அந்த உரையாடலைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுவார்களா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். படத்தில் கவனமாக மறைத்த பெயரைக் கேள்வி நேரத்தில் இயக்குநரே வாய்தவறிச் சொல்லிவிடுவது நடக்கக்கூடியது.

அரங்கில் திரையிட டிசிபி என்ற வடிவம் கேட்பார்கள். அதற்குச் செலவாகும் என்பதால் விழாவே செய்துதர முடியுமா என்று விசாரியுங்கள். படத்தை இணையத்திலும் சில நாட்கள் காட்டும் விழாவானால், குறிப்பிட்ட நாடுகளில் திறக்காதபடி கட்டுப்படுத்தச் சொல்லுங்கள். ஆனால் திரையை இன்னொரு கைபேசியால் படம்பிடித்து அனுப்பிவிட முடியும், ஆகவே படத்தில் இருப்பவர் இன்னும் நாட்டுக்குள் இருந்தால் இணையத் திரையிடலை மறுத்துவிடுங்கள்.

திரையிடலுக்கு ஒரு வாரம் முன்பு, படத்தில் வருபவருக்கு ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். முதலில் சம்மதித்தபோது இருந்த ஊரில் அவர் இப்போதும் இருக்கிறாரா, அவருடைய தம்பிக்கு வேலை மாறியிருக்கிறதா, பக்கத்து வீட்டில் யார் குடிவந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் ஏதேனும் ஒரு காட்சியை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிட்டு, புதிய பிரதியை விழாவுக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் இருந்தால் அதற்கு நேரம் போதும்.